மரம் குடிச்ச மழை

மாடித்தோட்டம் வெச்சிருக்கறவங்களுக்கு மாஸ் ஸ்டிக் தெரிஞ்சிருக்கும். மணிபிளான்ட், மான்ஸ்டெரா மாதிரி கொடிகளை ஏத்தி விடறதுக்கு ஒரு பிவிசி பைப்பைச் சுத்தி பாசியைப் பொதிஞ்சு நைலான் நூலால கட்டியிருப்பாங்க. கடையில ஒண்ணு வாங்கற காசுக்கு நாமளே நாலு செஞ்சுக்கலாம்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நர்சரில பாசி மட்டும் தனியா ஒரு மூட்டை வாங்கினேன். பாதிதான் செலவாச்சு, மீதி மாடிப்படிக்கு அடியில அப்படியே கெடந்து காஞ்சு தேங்கா நார் மாதிரி ஆயிடுச்சு. அது எங்க இருந்து வந்துச்சு, எந்த மரத்து மேல எத்தனை வருஷம் இருந்துச்சுன்னு ஒரு நாள் கூட நான் யோசிச்சதில்ல. போன நவம்பர்ல கோத்தகிரி போயிட்டு வந்ததுல இருந்து அந்த மூட்டையைப் பார்க்கறப்பல்லாம் மனசு என்னமோ பண்ணுது, அதான் எழுதறேன், கொஞ்சம் நீளமாவே இருக்கும்.

கோத்தகிரியில எங்க நாத்தனார் குடும்பம் இருக்கு. இருபது வருஷமா போயிட்டு வர்றோம், ஆனா டவுனுக்குப் பக்கத்துலயே இருக்கற லாங்வுட் சோலைக்குள்ள இதுவரைக்கும் கால் வெச்சதில்ல. 116 ஹெக்டேர், நம்ம கணக்குல 286 ஏக்கர் சொச்சம், சுத்தி டீத்தோட்டமும் ஹட்டின்னு சொல்ற படுகர் ஊருங்களும் வீடுகளுமா நெருக்கிட்டு நிக்க நடுவுல அது மட்டும் பழைய காடா தப்பிச்சு நிக்குது. 2024 ஜனவரில இதை ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேர்த்தாங்க. ராம்சார்னா ஏரி, குளம், பறவைங்க வர்ற சதுப்பு நிலம் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன், மரமா அடர்ந்து நிக்கற ஒரு மலைக்காட்டை எதுக்கு ஈரநிலம்னு சொல்றாங்கன்னு அந்தச் செய்தியைப் படிச்சப்பவே ஒரு கேள்வி இருந்துச்சு. நாத்தனாரோட வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் முறை, வனத்துறையில முறையா பர்மிஷன் வாங்கி, கூட வர்றதுக்கு அந்தக் காட்டை நல்லாத் தெரிஞ்ச ஒரு உள்ளூர்த் தம்பியையும் ஏற்பாடு பண்ணிட்டார். "அம்மிணி, அட்டை கடிக்கும், உப்பு எடுத்துக்க"ன்னு மட்டும் சொன்னார்.

நவம்பர்ல போனது நல்லதாப் போச்சு. நீலகிரியில ரெண்டு பக்கமும் ஒரே மழை இல்ல, அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கமெல்லாம் தென்மேற்குப் பருவமழைக்கு நனையற ஊரு, கோத்தகிரி கிழக்குப் பார்த்த சரிவு, இதுக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் முக்கியம். நாங்க உள்ள போயி கால் மணி நேரத்துல பிடிச்சுக்கிச்சு. ஒரு மணி நேரம் விடாம பெஞ்சுது. ஒரு பெரிய நாவல் இன மரத்துக்கு அடியில குடையோட நின்னோம். அப்பறம் மழை நின்னுடுச்சு, மேல இலைக்கு நடுவுல நீல வானம் கூட ஒரு துண்டு தெரிஞ்சுது, ஆனா நாங்க நின்ன இடத்துல மழை நிக்கல. டொப் டொப்புன்னு குடை மேல விழுந்துட்டே இருந்துச்சு. பத்து நிமிஷம், இருபது நிமிஷம், முக்கால் மணி நேரம் ஆச்சு, நாங்க திரும்பி நடக்கறப்பவும் சொட்டிட்டுத்தான் இருந்துச்சு. இன்னும் பெய்யுதா தம்பின்னு கேட்டேன். "மழை எப்பவோ நின்னுடுச்சுக்கா, குடிச்சதை மரம் இப்ப விட்டுட்டு இருக்கு"ன்னான்.

அந்த மரத்தை அப்பத்தான் ஒழுங்காப் பார்த்தேன். மரத்தோட பட்டையே கண்ணுக்குத் தெரியல. அடியில இருந்து உச்சி வரைக்கும் பச்சைக் கம்பளம் போத்தின மாதிரி பாசி, அந்தப் பாசிக்குள்ள இருந்து சின்னச் சின்ன பெரணி, ஒரு கிளை முழுக்க ஆர்க்கிட், நுனியெல்லாம் சாம்பல் பச்சையில தாடி மாதிரி தொங்கற லைக்கன். ஒரு மரம்னு சொல்றோம், அது மேல ஒரு ஊரே குடியிருக்கு. அந்தத் தம்பி, பிச்சு எடுக்காம, கிளையில திட்டா வளர்ந்திருந்த பாசி மேல உள்ளங்கையை வெச்சு இட்லி வெந்துச்சான்னு பார்க்கற மாதிரி லேசா ஒரு அழுத்து அழுத்தினான். தண்ணி அவன் மணிக்கட்டுல இறங்கி முழங்கை வழியா ஒழுகுச்சு. ஒரு உள்ளங்கை அகலத்துல இருந்து அவ்வளவு தண்ணி.

இதையெல்லாம் நம்ம ஊர்ல சில பேரு பொத்தாம்பொதுவா புல்லுருவின்னு சொல்லிடுவாங்க, நானும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன், அது தப்பு. புல்லுருவி மரத்துக்குள்ள வேரை இறக்கி அதோட சாறை உறிஞ்சறது. இதுங்க அப்படி இல்ல. மரத்தை உட்கார்றதுக்கு இடமா மட்டும் வெச்சுக்கிட்டு சோறு தண்ணியைத் தானே பார்த்துக்கற செடிங்க, தமிழ்ல தொற்றுத்தாவரம்னு சொல்றாங்க. உலகத்துல இருக்கற செடி வகைகள்ல பாசியை விட்டுட்டு எண்ணினாலே பத்துல ஒண்ணு கிட்ட இப்படி மரத்து மேல வாழற இனம்தான், அதுல பெரும்பங்கு ஆர்க்கிட். ஆனா யோசிச்சுப் பாருங்க, மண்ணுல இருக்கற செடிக்கு மழை நின்னாலும் அடிமண்ணுல ஈரம் இருக்கும், வேரை ஆழமா விட்டு எடுத்துக்கும். கிளை மேல இருக்கறதுக்கு அது கெடையாது. மழை பெய்யறப்ப கெடைக்கறதுதான், நின்ன மறு மணி நேரத்துல காத்தும் வெயிலும் காய வெச்சுடும். அதனால மழையைப் பிடிக்கறதுலயும் பிடிச்சதைக் காப்பாத்தறதுலயும் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வழி கண்டுபிடிச்சு வெச்சிருக்கு, அதைத் தெரிஞ்சுக்கத்தான் ஊருக்கு வந்து ரெண்டு மாசமா படிச்சுட்டே இருக்கேன்.

பாசியில இருந்து ஆரம்பிக்கறேன், அதுதான் சோலையோட பெரிய தொட்டி. பாசிக்கு நாம சொல்ற அர்த்தத்துல வேரே கெடையாது, பிடிச்சுக்கறதுக்கு மெல்லிசா நூல் மாதிரி இருக்கும் அவ்வளவுதான். இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் கனம். மேல மெழுகுப் பூச்சும் பெருசா இல்ல, அதனால உடம்பு முழுக்கக் குடிக்கும். ஆனா நெறைய தண்ணி நிக்கறது இலைக்குள்ள இல்ல, இலைக்கும் இலைக்கும் தண்டுக்கும் தண்டுக்கும் நடுவுல இருக்கற மயிரிழை சந்துகள்ல. விளக்குத் திரி எண்ணெயை எப்படி இழுத்து வெச்சுக்குதோ அதே சங்கதிதான். காய்ஞ்சா சுருண்டு செத்த மாதிரி கெடக்கும், அப்ப வளர்றதை எல்லாம் நிறுத்திடும், மறுபடி நனைஞ்சா கொஞ்ச நேரத்துல விரிஞ்சு பச்சையாகி வேலையை ஆரம்பிச்சுடும். தண்ணியைச் சேமிக்கவும் தெரியும், தண்ணி இல்லாம காத்திருக்கவும் தெரியும்.

எனக்கு நம்பிக்கை வர்றதுக்கு ஒண்ணு செஞ்சு பார்க்கணும்னு தோணுச்சு. மாடிப்படிக்கு அடியில கெடந்த மூட்டையில இருந்து காய்ஞ்ச பாசி ஒரு கைப்பிடி எடுத்து கிச்சன் தராசுல வெச்சேன், 20 கிராம். ஒரு பாத்திரத்துல ஊறப் போட்டு அரை மணி நேரம் கழிச்சு எடுத்து, டீ வடிகட்டி மேல வெச்சு சொட்டறது நிக்கற வரைக்கும் விட்டு, திரும்ப நிறுத்தேன். 160க்கு மேல காட்டுச்சு. அதாவது தன் எடையைப் போல ஏழு மடங்கு தண்ணி உள்ள நிக்குது, அதுவும் ரெண்டு வருஷம் காஞ்சு கெடந்த பாசியில. பாசிக்குப் பாசி இது மாறும், சிலது ரெண்டு மூணு மடங்கு, சிலது பத்துக்கும் மேல.

ஒரு காட்டுக்கே இந்தக் கணக்கைப் போட்டவர் ஒருத்தர் இருக்கார். தமாஸ் போச்னு ஹங்கேரி நாட்டுத் தாவர விஞ்ஞானி, தான்சானியாவுல உலுகுரு மலையில வேலை பார்த்து 1980ல எழுதினார். 2,000 மீட்டருக்கு மேல எப்பவும் மேகம் உரசற உயரத்துல மரமெல்லாம் குட்டையா வளைஞ்சு பாசி மூடி நிக்கும், அங்க ஒரு ஹெக்டேர்ல மரத்து மேல இருக்கற பாசி, பெரணி, ஆர்க்கிட், அதோட மட்கு எல்லாம் சேர்ந்து காய்ஞ்ச எடையே சுமார் 14 டன். ஒரு மழையில அது பிடிச்சு வெச்சுக்கற தண்ணி ஹெக்டேருக்கு ஏறத்தாழ 50,000 லிட்டர். ஏக்கருக்குச் சொன்னா 20,000 லிட்டர், நம்ம தெருவுக்கு வர்ற தண்ணி லாரியில ரெண்டு லோடு, ஒரு ஏக்கர் மரத்தோட கிளை மேல தொங்கிட்டு இருக்கு! கீழ மண்ணுல இருக்கறதைச் சேர்க்காம. அதே மலையில கொஞ்சம் கீழ இறங்கின காட்டுல இந்தச் செடிங்களோட எடை ஹெக்டேருக்கு 2 டன் சொச்சம்தான் வந்துச்சு, மேகம் இருக்கற இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் அவ்வளவு வித்தியாசம். உலுகுரு கணக்கை அப்படியே தூக்கி லாங்வுட்டுக்குப் போடக் கூடாது, மரமும் வேற மழையும் வேற, ஆனா அன்னைக்கு முக்கால் மணி நேரம் எங்க குடை மேல சொட்டினது எங்க இருந்து வந்துச்சுன்னு அதைப் படிச்சப்பத்தான் பிடிபட்டுச்சு. உலுகுருல இருந்து இறங்கற ரூவு ஆறுதான் தாருஸ்ஸலாம் நகரத்துக்கே குடிதண்ணி. நாங்க இங்க கோயமுத்தூர்ப் பக்கம் குடிக்கற பில்லூர் அணைத் தண்ணி, நீலகிரியில இருந்து இறங்கற பவானி தண்ணி. ரெண்டு ஊரும் ஒரே மாதிரி ஒரு மலைக்காட்டை நம்பி இருக்கு.

மழை மட்டும் இல்ல, மழையே இல்லாதப்பவும் இதுங்க தண்ணி பிடிக்குது. மார்கழி தை மாசம் மலையில பைக்ல போயிருக்கீங்களா, சொட்டு மழை இருக்காது, ஆனா மிஸ்டுக்குள்ள அஞ்சு நிமிஷம் போனா ஸ்வெட்டர் முடி மேலெல்லாம் முத்து முத்தா தண்ணி நிக்கும். மேகத்துல இருக்கற துளி ரொம்பச் சின்னது, தானா கீழ விழற அளவுக்கு எடை இல்ல, காத்து தள்ளற பக்கம் போயிட்டே இருக்கும், வழியில மெல்லிசா ஏதாவது குறுக்க நின்னா அது மேல மோதி ஒட்டி ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாகிச் சொட்டும். வழவழன்னு அகல இலையை விட முடி மாதிரி, நூல் மாதிரி இருக்கறதுலதான் இது நல்லா நடக்கும். கிளை நுனியில தாடி மாதிரி தொங்கற லைக்கனும் பாசியும் செய்யறது இதைத்தான். மழைமானியில பதிவாகாத தண்ணி இது.

லைக்கன்னு சொன்னதும் அன்னியமா இருக்கும், ஆனா நம்ம அஞ்சறைப் பெட்டியிலயே இருக்கு. பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் போடற கல்பாசி, பேர்ல பாசி இருந்தாலும் அது பாசி இல்ல, லைக்கன். ஒரு பூஞ்சையும் ஒரு ஆல்காவும் சேர்ந்து ஒரே உடம்பா வாழறது, மலையில மரப்பட்டையிலயும் பாறையிலயும் ஒட்டிட்டு இருக்கும். இதுல ஆச்சரியம் என்னன்னா பச்சை ஆல்கா இருக்கற லைக்கன்கள்ல நெறையதுக்கு தண்ணியாக்கூட விழ வேண்டியதில்ல, காத்து நல்லா ஈரமா இருந்தாலே போதும், அந்த ஈரத்தை இழுத்துக்கிட்டு ஒளிச்சேர்க்கையை, அதாவது தன்னோட சமையலை, ஆரம்பிச்சுடும். அடுத்த தடவ கல்பாசியை எண்ணெயில போடறதுக்கு முன்னாடி ஒரு துண்டைத் தண்ணியில போட்டுப் பாருங்க, மொறமொறன்னு இருந்தது துணி மாதிரி ஆயிடும்.

ஆர்க்கிட் வழி வேற. வீட்டுல வாண்டாவோ டென்ட்ரோபியமோ வளர்க்கறவங்க வேரைப் பாருங்க, வெள்ளையா மெழுகுவத்தி மாதிரி இருக்கும். அந்த வெள்ளைப் பூச்சு செத்த செல்களால ஆனது, பல அடுக்கு, உள்ள காத்துதான் இருக்கு, அதனால வெள்ளையாத் தெரியுது. ஸ்பிரே அடிச்சா கண்ணு முன்னாடியே வேர் பச்சையாகும், ஏன்னா அந்த அடுக்கு தண்ணியை உறிஞ்சு கண்ணாடி மாதிரி ஆகி உள்ள இருக்கற பச்சை வெளிய தெரியுது. மழையோட முதல் தண்ணி கிளையையும் இலையையும் கழுவிட்டு தூசி, உப்பு எல்லாத்தோடயும் வரும், சத்து அதுலதான் அதிகம், அதைத் தவற விடாம சட்டுன்னு பிடிச்சுக்கறதுக்கு இந்த அடுக்கு. பிடிச்சதைக் கொண்டு போயி தண்டுல இருக்கற குமிழ்ல சேர்த்து வெச்சுக்கும். சோலை மரங்கள்ல கிளை மேல சின்னச் சின்ன பச்சைக் காய் அடுக்கி வெச்ச மாதிரி தெரியறது காய் இல்ல, ஆர்க்கிட்டோட தண்ணிக் குமிழ். நெறைய ஆர்க்கிட்டு பகல்ல இலைத்துளையை மூடி வெச்சுக்கிட்டு ராத்திரி குளிர்ல மட்டும் திறந்து காத்து வாங்கும், கத்தாழை பண்ற மாதிரியே, பகல் வெயில்ல ஈரம் போகக் கூடாதுன்னு. காசித்தும்பைக் குடும்பத்துல கூட இப்படி ஒண்ணு நீலகிரியில இருக்கு, மரத்து மேலயே வளர்றது, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமா பூ கிளி மூக்கு மாதிரி இருக்கும். தண்டு கெழங்கு மாதிரி பருத்து இருக்கும், வறண்ட மாசத்துல இலையெல்லாம் உதிர்த்துட்டு அந்தத் தண்டோட மட்டும் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். வீட்டு முன்னாடி மண்ணுல தொட்டா வெடிக்கற காயோட வளர்ற காசித்தும்பைக்கு மரத்து மேல ஒரு பங்காளி இருக்குன்னு எனக்கு இத்தனை வயசுக்கு அப்பறம்தான் தெரியுது.

கொல்லிமலை, ஏற்காடு போனவங்க எல்லாரும் முடவாட்டுக்கால் சூப் குடிச்சிருப்பீங்க. மூட்டு வலிக்கு நல்லதுன்னு ரோட்டோரமா கூறு கட்டி விப்பாங்க, ஆட்டுக்கால் மாதிரியே மேல பழுப்பு ரோமத்தோட இருக்கும். அது கெழங்கு இல்ல, மரத்துலயும் பாறையிலயும் தொத்தி வளர்ற ஒரு பெரணியோட தண்டு. இந்தப் பெரணிக்கு ரெண்டு விதமா இலை. ஒண்ணு நீளமா பச்சையா, சமையல் வேலைக்கு. இன்னொண்ணு குட்டையா அகலமா, சீக்கிரமே காஞ்சு பழுப்பாயிடும், ஆனா விழாது, தண்டை அணைச்ச மாதிரி கிண்ணமா நின்னுடும். மேல இருந்து விழற சருகு, தூசி, பூச்சி எச்சம் எல்லாம் அந்தக் கிண்ணத்துல சேர்ந்து மட்கி, மழை பெஞ்சா ஊறின பஞ்சு மாதிரி ஈரத்தை வெச்சிருக்கும், வேர் அதுக்குள்ள போயி எடுத்துக்கும். மண் இல்லாத இடத்துல தனக்கு வேண்டிய மண்ணைத் தானே தயார் பண்ணிக்குது. கோடையில பச்சை இலையெல்லாம் போயிட்டாலும் அந்த ஆட்டுக்கால் மட்டும் ஈரத்தைப் பிடிச்சுட்டு உயிரோட இருக்கும். சூப்புக்காக நாம வெட்டறது அந்தச் சேமிப்பைத்தான்.

இனி எங்க மாடியில இருக்கற வெளிநாட்டு விருந்தாளி கதை. சிவப்புப் பூவோட ரோஜா இதழ் அடுக்கு மாதிரி இலை இருக்கற புரோமிலியாட் ஒண்ணு வெச்சிருக்கேன். அன்னாசிக் குடும்பம். அன்னாசி மண்ணுல வளருது, அதோட சொந்தக்காரங்கள்ல பாதிக்கு மேல மரத்து மேல. இந்தக் குடும்பத்துக்குச் சொந்த மண் அமெரிக்கக் கண்டம் மட்டும்தான், மேற்கு ஆப்பிரிக்காவுல கினியில ஒரே ஒரு இனம் தவிர, அதனால நம்ம சோலையில இதைத் தேடாதீங்க. ஆனா தண்ணி பிடிக்கறதுல இதை மிஞ்ச ஆளில்ல. இலையோட அடிப்பாகம் ஒண்ணோட ஒண்ணு இறுக்கி ஒட்டி நடுவுல குடுவையாயிடும், மழை இலை வழியா ஓடி வந்து உள்ள நிக்கும், பெரிய இனங்கள்ல பல லிட்டர். வேர் மரத்தைப் பிடிச்சுக்கறதுக்கு மட்டும், குடிக்கறது எல்லாம் இலையோட அடியில இருக்கற கண்ணுக்குத் தெரியாத செதில்கள் வழியா. சருகு விழுந்து, அதைப் பூச்சி தின்னு, கழிவு கரைஞ்சு, அதுவே செடிக்கு எரு. அந்தக் குடுவைக்குள்ள தவளை தலைப்பிரட்டையை விடுது, பூச்சிங்க குடும்பம் நடத்துது. ஜமைக்காவுல ஒரு நண்டு இருக்கு, அதோட வாழ்க்கையே இந்தச் செடித் தண்ணிக்குள்ளதான். தாய் நண்டு குஞ்சுங்க இருக்கற தொட்டியில விழற சருகைப் பொறுக்கி வெளிய போடும், நத்தை ஓட்டைக் கொண்டு வந்து உள்ள போடும், அந்தச் சுண்ணாம்பு கரைஞ்சு தண்ணியோட புளிப்பு குறையும், குஞ்சுங்களோட ஓட்டுக்கும் கால்சியம் கெடைக்கும். இதைப் படிச்சுட்டு நான் ரெண்டு நாள் பார்க்கறவங்க கிட்டயெல்லாம் சொல்லிட்டு இருந்தேன்.

டெங்கு செக்கிங்க்கு வீடு வீடா வர்ற அக்கா என் புரோமிலியாட்டைப் பார்த்துட்டு, இந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க கண்ணு, புழு இருக்குன்னாங்க. அவங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. டிரினிடாட் தீவுல கொக்கோ தோட்டத்துக்கு நிழலுக்காக நம்ம கல்யாண முருங்கை இனத்து மரங்களை நட்டாங்க, அது மேல புரோமிலியாட் கொத்துக் கொத்தா வந்து, அந்தக் குடுவைத் தண்ணியில ஒரு வகை அனாபிலிஸ் கொசு முட்டை போட்டு, தீவுல மலேரியா பரவுச்சு. கீழ இருக்கற சதுப்பையும் குட்டையையும் என்னதான் சுத்தம் பண்ணினாலும் குறையல, ஏன்னா கொசுவோட குளம் தலைக்கு மேல இருந்துச்சு. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல காலின் பிட்டென்ட்ரிக்னு ஒரு உயிரியலாளர் அங்க போயி இதைக் கிளை கிளையா ஆராய்ஞ்சார், மயில்துத்தக் கரைசலை மரத்து மேல அடிச்சு அந்தச் செடிகளை அழிச்சுத்தான் நோயைக் கட்டுப்படுத்தினாங்க. காடா இருந்த இடத்துல ஒரே மாதிரி நிழல் மரத்தை வரிசையா நட்டதுல வந்த வினை அது. நான் இப்ப வாரம் ரெண்டு தடவ செடியைச் சாய்ச்சுத் தண்ணியை மாத்திடறேன்.

நிறைய பேருக்கு வர்ற சந்தேகம், இவ்வளவு எடை ஏத்திக்கிட்டு மரத்துக்கு என்ன லாபம்? பாரம்தான், ஈரமாகறப்ப கிளை முறியறதும் உண்டு. ஆனா நளினி நட்கர்னி, இந்திய வம்சாவளி அமெரிக்க விஞ்ஞானி, கயிறு கட்டி மரத்து உச்சிக்கு ஏறி ஆராய்ச்சி பண்ணினவங்க, வாஷிங்டன் மாநிலத்துல ஒலிம்பிக் மழைக்காட்டுல மேப்பிள் மரத்து மேல பாசி மெத்தையைத் தூக்கிப் பார்த்தப்ப அடியில கனமா வேர் ஓடறதைக் கண்டாங்க. எந்தச் செடியோட வேருன்னு தொடர்ந்து போனா அது மரத்தோட சொந்த வேர்! தரையில இருக்கற வேர் போதாதுன்னு கிளையில இருந்தே வேர் விட்டு, தன் மேல குடியிருக்கறவங்க சேர்த்த மட்குக்குள்ள நுழைச்சு வெச்சிருக்கு. 1981ல அதை எழுதினாங்க. அது குளிர் தேசத்துக் காடு, அப்பறம் கோஸ்டா ரிக்கா மாதிரி வெப்ப நாட்டு மலைக்காடுகள்லயும் இதையே பார்த்தாங்க. குடியிருக்கறவன் தோண்டின கிணத்துல வீட்டுக்காரனும் தண்ணி எடுத்துக்கற மாதிரி.

ஒண்ணு நேர்மையாச் சொல்லணும். பாசி பிடிக்கற தண்ணி எல்லாம் ஓடைக்கு வந்து சேருதுன்னு நெனக்க வேண்டாம். ஒரு நல்ல பங்கு ஆவியா மேலயே திரும்பிப் போயிடுது. நல்லா நனைஞ்ச பாசி மேல திரும்பத் திரும்பக் கொட்டினா அது வழிஞ்சு கீழதான் வரும், 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த மாதிரி மழையை எந்தப் பாசியும் தாங்காது. பாசியோட வேலை வேற. மழைக்கும் மண்ணுக்கும் நடுவுல நின்னு நிதானப்படுத்தறது. துளி வேகமா விழுந்து மேல்மண்ணை அடிச்சுட்டுப் போகாம, மெதுவா, மழை நின்னதுக்கு அப்பறமும் கொஞ்சம் கொஞ்சமா இறக்கி விடறது, காட்டுக்குள்ள காத்தைக் காய விடாம வெச்சிருக்கறது, மிஸ்டுல இருந்து கூடுதலா கொஞ்சம் பிடிச்சுக் குடுக்கறது. சோலையில இருக்கற புதர்த்தவளைங்க சிலதுக்கு தலைப்பிரட்டைப் பருவமே கெடையாது, ஈரமான இடத்துல முட்டை போடும், முட்டையில இருந்து நேரா குட்டித் தவளை வெளிய வரும். குளமே வேண்டாம், ஈரம் போதும். அந்த ஈரம் அறுந்துச்சுன்னா முட்டை காய்ஞ்சுடும்.

லாங்வுட்டுல இருந்து வெளிய வந்து ரோட்டோரமா இருந்த கற்பூர மரங்களைப் பார்த்தேன், ஊருக்குள்ள தைல மரம்னு சொல்றோமே அது. வானத்துக்கு நிக்குது, பட்டையில ஒரு பாசி கூட இல்ல. அது வருஷா வருஷம் பட்டையை உரிச்சுப் போட்டுடும், தொத்திக்க நெனக்கற எதுவும் பட்டையோட சேர்ந்து கீழ விழுந்துடும். அதே மலை, அதே மழை, பத்தடி தள்ளி இருக்கற சோலை மரம் முழுக்கக் குடியிருப்பு, இதுல ஒண்ணும் இல்ல. மலை பூரா மரம் இருக்கே, பச்சையாத்தானே இருக்குன்னு நாம காரு ஜன்னல் வழியா பார்த்து திருப்திப்பட்டுக்கறோம், எந்த மரம்னு பார்க்கறதில்ல.

பாசியை உரிச்சு எடுத்தா என்ன, திரும்ப வளராதான்னு கேக்கலாம். வளரும், ரொம்ப மெதுவா. கோஸ்டா ரிக்காவுல மான்டிவெர்டே மேகக்காட்டுல நட்கர்னி கிளைகள்ல பாசியைச் சுரண்டி எடுத்துட்டு வருஷக்கணக்கா கவனிச்சுப் பார்த்தாங்க. வெறும் கிளையில ஈரம் நிக்கறதில்ல, ஈரம் இல்லாததால பாசியோட விதைத்தூள் ஒட்டறதில்ல, முதல் சில வருஷம் மேல்பக்கம் கிட்டத்தட்ட மொட்டையாவே கெடந்துச்சு. பழைய மெத்தை மாதிரி ஆகறதுக்குப் பல பத்து வருஷம் வேணும். பூக்கடைக்கும் நர்சரிக்கும் காட்டுப் பாசியைச் சாக்குச் சாக்கா உரிச்சுட்டுப் போறது அவங்க ஊர்லயும் நடக்குது, அதுக்கு மாத்தா 2004 வாக்குல வாஷிங்டன்ல சீடார் க்ரீக் சிறையில கைதிகளோட சேர்ந்து பாசியை வளர்த்துப் பார்க்கற வேலையை ஆரம்பிச்சாங்க, எந்தப் பாசி சீக்கிரம் வளருது, எவ்வளவு தண்ணி விடணும்னு கைதிங்களே குறிப்பெடுத்து. அதைப் படிக்கறப்பத்தான் என் மாடிப்படிக்கு அடியில இருக்கற மூட்டை ஞாபகத்துக்கு வந்து நெஞ்சு கனத்துப் போச்சு. எத்தனை கிளையோட மெத்தையோ அது. நான் அதை மணிபிளான்ட் ஏறறதுக்கு வாங்கியிருக்கேன்.

இப்ப மாஸ் ஸ்டிக் எல்லாத்தையும் தேங்கா நார் கயிறு சுத்தித்தான் செய்யறேன். பொள்ளாச்சிப் பக்கம் எவ்வளவு வேணும்னாலும் கெடைக்குது, விலையும் கம்மி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நனைச்சா போதும், கொடி நல்லாவே வேர் பிடிக்குது. ஆர்க்கிட்டுக்கு நாரும் கரித்துண்டும் கலந்து போட்டேன், ரெண்டு புது வேர் விட்டிருக்கு. கிறிஸ்துமஸ் குடில் கட்டறதுக்கு மார்கழியில பாசி தேடற பக்கத்து வீட்டுக்காரங்க கிட்டயும் சொன்னேன், இந்த வருஷம் தட்டுல கேழ்வரகு முளைக்கட்டி வெக்கறேன்னு சொல்லியிருக்காங்க, நாலஞ்சு நாள்ல பச்சைன்னு வந்துடும்.

மீதி இருந்த பழைய பாசியை ஒரு அகல மண் தட்டுல பரப்பி நிழல்ல வெச்சிருக்கேன். ரெண்டு மாசமா தினம் காலையில தண்ணி தெளிக்கறேன், ஊத்தின தண்ணியெல்லாம் இன்னமும் குடிச்சு வெச்சுக்குது, சாயங்காலம் வரைக்கும் தொட்டா ஜில்லுன்னு இருக்கு. பச்சை இன்னும் வரல. போன வாரம் அதே நர்சரிக்கு உரம் வாங்கப் போனப்ப வாசல்ல புதுசா ஏழெட்டு மூட்டை அடுக்கியிருந்தாங்க, இன்னும் ஈரம் கூட காயல, ஒரு மூட்டையில சின்னதா ஆர்க்கிட் குமிழ் ஒண்ணு ஒட்டிட்டு இருந்துச்சு. இதெல்லாம் எங்க இருந்துங்க வருதுன்னு கேட்டேன். மேல இருந்து வருதுங்கம்மான்னு மலையைக் கை காட்டினாரு.